நான் வாயை மூடியிருந்த நாட்கள்

என் வாயில் செய்தி நிற்காது. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் புருசன் சொல்லிவிடுவார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு இது ஒரு பகிடி. "உமக்கு ஒரு கதை சொல்லுறதும் றேடியோவிலை போடுறதும் ஒண்டுதான்" என்பார். நான் கோபித்துக்கொள்வேன், ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை நினைத்துத்தான் இன்றைக்கும் மனம் வேகிறது.

தொண்ணூறுகளில் நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தோம். அவருக்கு இரவில் பாண் பேக்டரியில் வேலை. எனக்குப் பின்னேரங்களில் டவுண்ரவுண் அலுவலகங்களில் கிளீனிங். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் இருந்த சாமான்களில் பெறுமதியானது குசினிச் சுவரில் தொங்கிய தொலைபேசிதான். அதை எங்களுடையது என்று சொல்லவும் முடியாது, கட்டடத்தில் பாதிப் பேருடைய தொலைபேசி அது.

அது எப்படி அப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். அந்த நாளில், சண்டை நடந்த வன்னிக்குள் தொலைபேசி இல்லை. அங்கேயிருந்து வெளியே வருகிறவர்கள் வவுனியாவுக்கு வடக்கே, புலிகளின் காவலரண்களுக்கும் ஆமிக்காரரின் காவலரண்களுக்கும் நடுவில் கிடந்த ஒரு வெளியை நடந்து கடக்க வேண்டும். புறப்படுவதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு பாஸ், உள்ளே வர இந்தப் பக்கத்தில் இன்னொரு பாஸ். பாதை சில நாள் திறக்கும், சில நாள் மூடும், திறந்திருக்கும்போதே ஷெல்லும் விழும். கடந்து வந்தவர்களை வவுனியாவில் பள்ளிக்கூடங்களிலும் கிட்டங்கிகளிலும் முகாம் என்று அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேயிருந்து வெளியே விட வேண்டுமென்றால் உள்ளூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வந்து பொறுப்புக் கையெழுத்து வைக்க வேண்டும்.

என் தங்கை உள்ளேதான் இருந்தாள். ஒருமுறை, வெளியே வந்த ஓர் அயலவரிடம் என் நம்பரைக் கொடுத்து விட்டிருக்கிறாள். அவர் வவுனியாவில் ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். தங்கையின் சுகத்தைச் சொல்லிவிட்டு, வெளியே வந்த இன்னும் நான்கு குடும்பங்களின் பெயரையும் சொன்னார். அந்த நான்கு குடும்பத்துக்கும் எங்கள் கட்டடத்தில் ஆட்கள் இருந்தார்கள். நான் மாடி மாடியாக ஓடிச் சொன்னேன். அவ்வளவுதான், நம்பர் உள்ளே பரவிவிட்டது. பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தார்கள், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போலப் பாடமாக்கிக் கொடுத்தார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் எனக்கு ஒரு நிமிடம் எடுப்பார். தன் பெயர், தன்னோடு வந்தவர்கள் பெயர், வராமல் தங்கிவிட்டவர்கள் பெயர். நான் கொப்பியில் எழுதிக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவேன். அவர்களுக்குப் பின்னேரம் ஆறு மணி என்றால் எங்களுக்குக் காலை ஏழு. எங்கள் வீட்டில் அலாரம் வைத்ததே இல்லை.

எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். லிஃப்ற்றில் ஏறினால் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பெருமைக்கு ஒரு அடியும் விழுந்தது. நகரின் கிழக்கே வெக்ஸ்போர்டில் இருந்த ஒரு பெண்ணின் புருசன் அந்த வெளியைக் கடக்கும்போது ஷெல் பட்டுச் செத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். நான் அடுத்த நிமிடமே அவளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். அவள் தாலியைக் கழற்றினாள். எட்டாம் நாள் அந்த மனுசன் உயிரோடு போன் கோல் எடுத்தார். செத்தது வேறு யாரோ. அந்தப் பெண் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு, எந்தச் செய்தியையும் இரண்டு தடவை விசாரித்துத்தான் சொல்வது என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன்.

பதினோராம் மாடியில் ஓர் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று பேருடன் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்துகொண்டு, காலையில் ஒரு ரெஸ்ரோறன்ரிலும் மாலையில் இன்னொன்றிலும் சட்டி கழுவினார். மனைவியும் மகளும் வன்னிக்குள். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவர், இப்போது பிள்ளைக்கு ஒன்பது. ஸ்பொன்சர் செய்த பேப்பர்கள் ஒரு வழியாக நகர்ந்து, கொழும்பில் இன்ரவியூவுக்கு நாள் வந்திருந்தது. அந்தக் கடிதத்தின் நகல் ஒரு பாதிரியாரின் பைக்குள் வைத்து உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்றும், அந்தக் கிழமையே தாயும் பிள்ளையும் வெளியைக் கடக்கிறார்கள் என்றும் எனக்குத்தான் செய்தி வந்தது. அதன் பிறகு மனுசன் ஒரு வேலைக்கும் மற்ற வேலைக்கும் இடையில் ஒவ்வொரு நாளும் என் கதவைத் தட்டுவார். "தங்கச்சி, ஏதும் கோல் வந்ததோ?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். முதல் நாள் அந்த வெளியில் வரிசையில் நிற்கும்போது ஷெல் விழுந்ததாம். எந்தப் பக்கத்து ஷெல் என்று தெரியாதாம். தாய் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டாளாம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற தான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாளாம். இப்போது இருவரும் ஒரே முகாமில்.

"இஞ்சை எங்களை ஞாயிற்றுக்கிழமை பிரிச்சு வேறை வேறை இடத்துக்கு ஏத்தப்போகினமாம் அக்கா. அதுக்கிடையிலை பிள்ளையின்ரை சொந்தக்காரர் ஆராவது வந்து கையெழுத்து வைச்சா விடுவினம். இல்லாட்டி ஒருத்தரும் இல்லாத பிள்ளை எண்டு பதிஞ்சு தனிய அனுப்பிப்போடுவினம். எங்கை அனுப்புவினம் எண்டு கேட்டா மறுமொழி இல்லை. தகப்பனுக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு இதே நேரம் திரும்பவும் எடுக்கிறன்."

வேலை முடிந்து வந்து படுத்திருந்த புருசனை எழுப்பினேன். பிறகு இருவருமாக ஆறாம் மாடிக்குப் போனோம். அங்கேதான் தபாலதிபர் ஐயா இருந்தார். மன்னாரில் தபாற்கந்தோர் நடத்தி ஓய்வு பெற்ற வேதக்காரர். கட்டடத்தில் நல்லது கெட்டது எது என்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடக்காது.

ஐயா கேட்டுவிட்டுச் சிலுவை போட்டார். பிறகு, "அவன் இப்ப எங்கை?" என்றார்.

"வேலையிலை."

"அடுப்படியிலை கொதியெண்ணெய்க்குப் பக்கத்திலை நிக்கிறவனுக்குப் போன் அடிச்சுச் சொல்லப் போறியளோ? நான் எத்தினை வருசம் தந்தி குடுத்தனான். மரணத் தந்தியை ஒருநாளும் வீட்டுக்காரன்ரை கையிலை குடுத்ததில்லை. பக்கத்து வீட்டிலை குடுப்பன். அவை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்குவமாச் சொல்லுவினம். அதுதான் முறை."

அது எங்களுக்கும் தெரிந்த முறைதான். ஊரில் யாருக்கும் சாவுச் செய்தியைத் தனியாக நிற்கும்போது சொல்வதில்லை. முதலில் ஆட்கள் கூட வேண்டும், விழுந்தால் பிடிக்கக் கை இருக்க வேண்டும். அண்ணைக்கு இரத்த உறவு என்று இந்த நாட்டில் இருந்தது மொன்றியலில் ஒரு சித்தப்பா மகன் மட்டும். அவருக்கு எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வந்து சேர முடியும் என்றார். சனிக்கிழமை அண்ணைக்கு விடியத் தொடங்கி இரவு வரை வேலை, ஞாயிறுதான் லீவு. "அப்ப ஞாயிறு" என்றார் ஐயா. வெக்ஸ்போர்ட் பெண்ணின் கதையும் என் நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது. செய்தி உண்மைதானா என்று விசாரிக்க இரண்டு நாள் கிடைக்கிறதே என்று நானும் தலையை ஆட்டினேன்.

"பிள்ளை?" என்று ஒரு தடவை கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேனே தவிர, கேட்டது என் காதுக்கே விழாத சத்தத்தில்.

"அதை நாங்கள் பாப்பம்" என்றார் ஐயா. பார்க்காமலும் விடவில்லை. ஒன்பதாம் மாடியில் இருந்தவரின் சகலன் வவுனியாவில் கடை வைத்திருந்தார். அவருக்கு எடுத்துச் சொன்னதும் மனுசன் அடுத்த நாளே கடையைப் பூட்டிவிட்டு முகாம் வாசலுக்குப் போனார். நீ யார், பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்தான் வேண்டுமாம்.

அண்ணைக்கு வவுனியாவில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா? அதை அண்ணையிடம்தான் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் என்று கேட்பார். என் புருசன் அதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வெள்ளி மத்தியானம் லிஃப்ற்றில் வைத்து, காலநிலை கேட்கிற மாதிரி, "அண்ணை, வவுனியாப் பக்கம் உங்களுக்கு ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி" என்றார் அண்ணை.

இவர் வந்து சொன்னார், நாங்களும் நம்பிவிட்டோம்.

அதன் பிறகு அரை மணித்தியாலத்தில் அவர் வழக்கம் போல என் கதவைத் தட்டினார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "பாதை பூட்டாம் அண்ணை. திறக்கத்தான் வருவினம்" என்றேன். உள்ளே வந்து இருந்து தேத்தண்ணி குடித்தார். என் மகளைக் கூப்பிட்டு, அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து அளந்தார். "ஒம்பது வயசுக்கு இதைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கும், என்ன தங்கச்சி? வந்து இறங்கேக்கை குளிருக்குச் சப்பாத்து வேணுமே." நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வரும்போது, "என்ன, இண்டைக்கு வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ? ஒரு கதையையும் காணேல்லை" என்று பகிடி விட்டார். அவருடைய மனைவி செத்து ஒரு நாளுக்கு மேலாகியிருந்தது.

சனிக்கிழமை காலை புருசன் உடுப்புத் தோய்க்கக் கீழே போயிருந்தார். மகள் நித்திரை. சரியாக ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் அந்தப் பெண் இல்லை, ஒரு பிள்ளையின் குரல்.

"அன்ரி, அப்பா நிக்கிறாரோ?"

"அப்பா வேலைக்குப் போட்டார் செல்லம்."



"அவருக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு, தகப்பனுக்கே இன்னும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அப்போது எனக்கு அதுதான் பெரிய பாவமாகத் தெரிந்தது. "ஓம்" என்றேன்.

"என்னவாம்?"

"அழ வேண்டாமாம். கெதியிலை கூப்பிடுறாராம்."

"சரி" என்றாள் பிள்ளை. அழவில்லை, வேறு ஒன்றும் கேட்கவும் இல்லை.

பிறகு அந்தப் பெண் வாங்கிக் கதைத்தாள். "தகப்பனைக் கூட்டி வைச்சிருப்பியள் எண்டுதான் பிள்ளையையும் கெஞ்சி மண்டாடிக் கூட்டி வந்தனான். ஒரு மணித்தியாலத்துக்குத்தான் வெளியிலை விட்டவை. நாளைக்கு ஏத்தினம் அக்கா. ஒருத்தரும் வரமாட்டினமோ?"

"பாத்துக்கொண்டிருக்கிறம்" என்றேன்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "சரி, அப்ப நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் எங்கே ஏற்றப்படுகிறாள் என்று நான் கேட்கவில்லை. பெயரைக் கூடக் கேட்கவில்லை. கொப்பி கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

புருசன் தோய்த்த உடுப்போடு வந்தார். "கோல் ஏதும்?" என்றார். "இல்லை" என்றேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பிள்ளை தகப்பனைக் கேட்டாள் என்று சொன்னால், உடனே ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்திருக்கலாமே என்று இவர் கேட்பார். ரெஸ்ரோறன்ருக்கு ரக்ஸியில் போனால் பத்து நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினோராம் மாடிக்குப் போனோம். மொன்றியல்காரர், தபாலதிபர் ஐயா, நாங்கள் இருவர், இன்னும் மூன்று நான்கு பேர். அண்ணை குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் வரிசையாகக் கழற்றியிருந்த சப்பாத்துகளைப் பார்த்தார். சாவீட்டில் மட்டும்தான் அத்தனை சோடி சப்பாத்து ஒன்றாகக் கிடக்கும். ஐயா பக்குவமாகத்தான் சொன்னார். விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். அவர் விழவில்லை.

"பிள்ளை?"

"இருக்கிறாள் தம்பி. சுகமா இருக்கிறாள். முகாமிலை."

"எப்ப செய்தி வந்தது?"

"வெள்ளிக்கிழமை" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றப் போகிறார்கள், கையெழுத்து வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமை முடிய இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது.

"என்ரை மனுசியின்ரை தமையன் வவுனியாவிலைதான் இருக்கிறார்" என்றார். "பள்ளிக்கூட வாத்தி."

என் புருசன் முன்னுக்கு வந்தார். "அண்ணை, நான் கேட்டனான். ஒருத்தரும் இல்லையெண்டு…"

"நீர் லிஃப்ற்றிலை ஊர்ப்புதினம் கேட்டனீர். நான் அதுக்குத்தான் மறுமொழி சொன்னனான்."

அண்ணையின் மனைவி மன்னாரில் வேதக்காரக் குடும்பம், இவர் சைவம். விரும்பிக் கட்டினார்கள். அன்றைக்கு, இனி நீ எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொன்னவர் தமையன். பதினொரு வருசம் பேச்சில்லை. எங்கள் ஆட்களுக்கு, பேச்சில்லாத சொந்தம் இல்லாத சொந்தம்தான். யாரும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சாவு வந்தால் கோபம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், அதுவும் எங்கள் வழக்கம்தான். சாவு வந்ததை நாங்கள் அந்த மனுசனிடமிருந்து மறைத்துவிட்டு, சொந்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம்.

அவர் எங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை வந்த கோலைப் பற்றி அப்போதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மாலையே என் வீட்டிலிருந்து அந்தக் கொமினிகேஷன் கடைக்கு எடுத்தோம். அங்கே திங்கள் விடிந்து கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் விசயத்தைக் கேட்டதும் தானே சைக்கிளில் போய் வாத்தியாரைக் கூட்டி வந்தார். நாங்கள் திருப்பி எடுத்தோம். "மச்சான்" என்றார் அண்ணை. அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய ஆம்பிளை விம்முகிற சத்தம் றிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது. வாத்தியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சொந்தம் என்று ஒருவரும் வராததால், அவர் தங்கையை மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் செய்துவிட்டார்களாம். முகாமுக்கு ஓடினார். பிள்ளையின் பெயரில் அங்கே யாரும் இல்லை. தனியாக அனுப்பிய பிள்ளைகளின் பட்டியலிலும் இல்லை. ஏற்றிக்கொண்டு போன மற்ற முகாம்களுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். எங்கேயும் அந்தப் பெயர் இல்லை.

பத்து நாள். அண்ணை இரண்டு வேலைக்கும் போகவில்லை. காலை ஐந்து மணிக்கே வந்து என் குசினியில் தொலைபேசிக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். வேறு யாருடைய செய்தி வந்தாலும் தானே எடுத்து, பொறுமையாகக் கேட்டு, கொப்பியில் எழுதி வைப்பார். கீழ்மாடிப் பெண்கள் மாறி மாறிச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதி அப்படியே திரும்பிப் போகும். நான் அவரைக் கடந்து கடந்து நடந்து சமைத்தேன், பாத்திரம் கழுவினேன். சனிக்கிழமைக் கோலைப் பற்றி அந்தப் பத்து நாளில் எந்த நேரமும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலை அடித்தது. அவர்தான் எடுத்தார். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு றிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார், எனக்கும் கேட்டது.

"அப்பா, எனக்கு இப்ப வேறை பேர். சத்தமாக் கதைக்கேலாது."

பிள்ளையை ஷெல்லடிக்குள் இருந்து இழுத்து வந்த அந்தப் பெண் செய்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமை ஏற்றும்போது உத்தியோகத்தர் எத்தனை பிள்ளை என்று கேட்க, தன் இரண்டு ஆண் பிள்ளைகளோடு இவளையும் முன்னால் தள்ளி, "மூண்டு" என்று சொல்லியிருக்கிறாள். தன் புருசன் பெயரையே தகப்பன் பெயராகக் கொடுத்திருக்கிறாள். பிடிபட்டிருந்தால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடந்திருக்குமோ தெரியாது. தன் பாஸையே பணயம் வைத்தாள், எங்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

ஆனால் இப்போது பேப்பரில் அது அவளுடைய பிள்ளை. வாத்தியார் போய் மருமகள் என்று கேட்டால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். அவர் ஒரு இரவு யோசித்தாராம். அடுத்த நாள் போய், அந்தப் பெண்ணுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பொறுப்புக் கையெழுத்து வைத்தார். முறை என்ன என்று கேட்ட இடத்தில், தங்கச்சி என்று எழுதினார். சொந்தத் தங்கையைப் பதினொரு வருசம் தங்கச்சி என்று சொல்லாத மனுசன். அதைத் தொலைபேசியில் எங்களுக்குச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, என் குசினியில் நின்ற எல்லாரும் அழுதோம்.

அந்தப் பொய்யை அவிழ்க்க இரண்டு வருசம் பிடித்தது. தன் பிள்ளை தன் பிள்ளைதான் என்று காட்ட அண்ணை டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் கொடுத்தார், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், லோயர் வாசலில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து மகளோடு கதைப்பார். பிள்ளை ஓம், இல்லை, சரி. அதற்கு மேல் ஒரு சொல் வராது. தாய்மாமனோடும் அந்தப் பெண்ணோடும் வாய் ஓயாமல் கதைக்கிறவள்தான் என்று வாத்தியார் சொல்வார்.

"என்னோடை மட்டும் ஏன் தங்கச்சி கதைக்கிறாள் இல்லை? விட்டிட்டு வந்தனான் எண்ட கோபமோ?"

"தாயை நினைச்சுக்கொண்டிருக்கிறாள் அண்ணை. நாள் போகச் சரிவரும்" என்பேன். எனக்குக் காரணம் தெரியும். தெரியாத மாதிரி நின்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

ஒரு பங்குனி மாதம் பிள்ளை வந்து இறங்கினாள். அண்ணை வெக்ஸ்போர்டில் ஒரு சின்ன வீடு எடுத்திருந்தார். வந்த இரண்டாம் நாளே, சாப்பிட வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். மெலிந்த, உயரமான பிள்ளை. பதினொரு வயது. தகப்பனுக்கு எதிரே, மேசையின் மற்றக் கரையில் இருந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். நான் சோறு போட வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள்தானே போனிலை கதைச்ச அன்ரி?"

"ஓம் செல்லம்."

"அண்டைக்கு அப்பா வேலைக்குப் போட்டார் எண்டு சொன்னீங்கள்."

அண்ணை கையைத் தட்டிலிருந்து எடுத்தார். "எண்டைக்கு?" என்றார்.

பிள்ளை அவரைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா செத்து ரெண்டாம் நாள். உங்களுக்குத் தெரியுமாம். அழ வேண்டாமாம் எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போட்டீங்களாம்."

என் புருசன் என்னைப் பார்த்தார். அகப்பை என் கையில் இருந்தது. அப்போதுதான் சொன்னேன், நின்ற நிலையிலேயே, எல்லாவற்றையும். சனிக்கிழமை கோல் வந்ததை, தகப்பனுக்கு ஒன்றுமே தெரியாததை, ஓம் என்று நான் சொன்ன பொய்யை, இரண்டு வருசம் மூடி வைத்ததை. "அப்பா அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. அது நான் சொன்னது. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தப் போனை விட்டு அசைஞ்சிருக்க மாட்டார்."

அண்ணை என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டவில்லை. என்னிடம் திட்டுக் கொடுத்து வீணாக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"நான் அண்டைக்குச் சட்டி கழுவிக்கொண்டு நிண்டனான் அம்மாச்சி. நீ எடுத்தது எனக்குத் தெரியாது."

அவள் எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

அவர்கள் சாப்பிடவில்லை. கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தங்கச்சி, போட்டு வாறம்" என்றார் அண்ணை. அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை, அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டு நின்றேன். லிஃப்ற் எப்போதும் போலச் சுணங்கியது. அது வரும்வரை வெளியே அந்தப் பிள்ளை தகப்பனோடு விடாமல் கதைத்துக்கொண்டே இருந்தாள்.